யாரோடு ஒப்பிட்டு?

மாற்றுத்திறனாளிச் சான்று வழங்குவதற்காக ஒன்றிய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளுக்குள் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. அறிவுசார் குறைபாடு எத்தனை சதவீதம் என்று சொல்லும் அட்டவணை அது. சமூக முதிர்ச்சி எண் 70 முதல் 84 வரை இருந்தால் 25 சதவீதம். 55 முதல் 69 வரை இருந்தால் 50 சதவீதம். சட்டம் தரும் சலுகைகளில் பெரும்பாலானவற்றுக்கு 40 சதவீதமாவது வேண்டும். அதாவது, திருவள்ளூரில் மருத்துவக் குழுவின் முன் உட்காரும் இரண்டு பிள்ளைகளில் 69 வாங்கியவளுக்கு அந்தச் சலுகைகள் உண்டு, 70 வாங்கியவளுக்கு இல்லை. ஒரு மதிப்பெண் கூடியதற்காகப் பெற்றோர் கவலைப்படும் பரீட்சை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த ஒரு மதிப்பெண் எங்கிருந்து வருகிறது?

ஒரு கருங்கல்லைத் தராசில் வைத்தால் ஐந்து கிலோ என்று காட்டுகிறது. உலகத்தில் வேறு கல்லே இல்லாவிட்டாலும் அது ஐந்து கிலோதான். வேறு மனிதரே இல்லாத உலகில் ஒருவருடைய ஐக்யூ எவ்வளவு என்று கேட்டால் பதில் கிடையாது. உளவியலர் தரும் எண் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கூட்டம் நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் இந்தப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறாள் என்பதை மட்டுமே எண் சொல்லும். கூட்டத்தை மாற்றினால் எண்ணும் மாறிவிடும்.

இதைத் தொடங்கியவர் அப்படி நினைத்துத் தொடங்கவில்லை. பள்ளியில் தனி உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிய பிரெஞ்சு அரசு 1904இல் ஒரு குழு அமைத்தது. அதிலிருந்த ஆல்ஃபிரட் பினே, தெயோடர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் 30 சிறு சோதனைகளைத் தொகுத்தார். ஏழு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் செய்வதை இவனும் செய்கிறானா என்று பார்ப்பதுதான் பினேயின் வழி. 1912இல் ஜெர்மானியரான வில்லியம் ஸ்டெர்ன் அதை வகுத்தலாக்கினார்: மனவயதை நாட்காட்டி வயதால் வகுப்பது. எட்டு வயதுப் பிள்ளை ஆறு வயதுக்குரியதைச் செய்தால் ஆறு கீழ் எட்டு, நூறால் பெருக்கினால் 75. இந்தக் கணக்கு பிள்ளைகளுக்குச் சரிப்படும், பெரியவர்களிடம் உளறும். ஐம்பது வயதுக்காரர் இருபத்தைந்து வயதுக்காரரைப்போல விடையளித்தால் பாதி அறிவு என்றா சொல்வது? அதனால் டேவிட் வெக்ஸ்லர் 1939இல் வகுத்தலைக் கைவிட்டார். ஒரே வயதுக்காரர்களின் சராசரியை 100 என்றும் திட்ட விலக்கத்தை 15 என்றும் வைத்துக்கொண்டார். அன்று முதல் 70 என்பது சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் கீழே; ஆயிரம் பேரில் ஏறக்குறைய 23 பேர் அதற்கும் கீழே இருப்பார்கள். மூளையைத் திறந்து பார்த்து யாரும் 70 என்ற கோட்டைக் கண்டுபிடிக்கவில்லை. கணக்குக்கு வசதியான இடத்தில் விழுந்த கோடு அது.

நம்மூர் மருத்துவமனைகளில் கையாளப்படும் கருவிகளுக்குப் பின்னால் எந்தக் கூட்டம் நிற்கிறது? பினே-காமத் சோதனை 1930களில் தார்வாட் பகுதியில் வி.வி. காமத் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்காகத் தழுவியது. அமெரிக்க வெக்ஸ்லர் சோதனையை நாக்பூரில் ஆர்தர் மாலின் இந்தியக் குழந்தைகளுக்கேற்ப மாற்றியது 1969இல். சமூக முதிர்ச்சியை அளக்கும் வைன்லாந்து அளவுகோலும் எட்கர் டால் 1935இல் அமெரிக்காவில் செய்ததை மாலின் தழுவியதுதான். குழந்தையை நேரடியாகச் சோதிக்காமல் தாயிடமோ தகப்பனிடமோ கேட்டு நிரப்பும் 89 கேள்விகள் அதில் இருக்கின்றன: தானே குடிப்பாளா, பொத்தான் போடுவாளா, அக்கம்பக்கத்துக்குத் தனியே போய் வருவாளா. இவற்றைச் செய்தவர்கள் அரும்பாடுபட்டவர்கள். வெளிநாட்டுக் கேள்வித்தாளை அப்படியே மொழிபெயர்த்துத் தந்துவிட்டுப் போகாதவர்கள். ஆனாலும் தார்வாடும் நாக்பூரும் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி அல்ல.

கும்மிடிப்பூண்டியில் யார் யார் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தமிழ் பேசும் வீடு, எல்லையோரத் தெலுங்கு வீடு, ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம், சிப்காட்டில் வேலை செய்ய வடக்கிலிருந்து வந்த குடும்பம், ஏரிக்கரை இருளர் குடியிருப்பு. மாவட்டத்தின் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் பருவம் முழுக்கக் குடும்பத்தோடு தங்குகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக ஒடியா மொழிப் பாடநூலை வரவழைத்து வகுப்பு நடத்தியதும் உண்டு. அந்தச் சூளையில் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு காய்கிற பச்சைக்கல்லைப் புரட்டிப் போடும் ஏழு வயதுப் பெண்ணை, பள்ளிக்குப் போன நகரத்துப் பிள்ளைகளின் வரிசையில் நிறுத்தி, சொல்வளம் எவ்வளவு என்று கேட்டால் அவள் பின்னால்தான் நிற்பாள். அவளுக்குத் தெரிந்த எதையும் அந்தத் தாள் கேட்காது.

இது வெறும் இரக்கப் பேச்சல்ல. கென்யாவின் கிசுமுப் பகுதியில் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க்கும் கூட்டாளிகளும் கிராமத்துப் பிள்ளைகளின் மூலிகை அறிவை ஒரு தேர்வாகவே நடத்திப் பார்த்து 2001இல் வெளியிட்டார்கள். மூலிகையில் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்வளத் தேர்வில் குறைவாகவே வாங்கினார்கள். நம் பக்கத்தில், வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருளர் இருவரை 2017இல் புளோரிடா சதுப்புநிலத்துக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைத்துப் போனார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள் பிடிபட்டன. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. சருகின் மேல் கிடக்கும் தடத்தைப் படிக்கும் அந்தத் திறமைக்கு எந்தச் சோதனைப் பெட்டியிலும் ஒரு அட்டை இல்லை.

இதுவரை சொன்னது ஒரு பக்கப் பிழை: தொலைவிலுள்ள கூட்டத்தோடு ஒப்பிட்டால் எண் குறைந்து விழும். மறுபக்கப் பிழை இன்னும் விசித்திரமானது. அதைக் கவனித்தவர் நியூசிலாந்தில் வாழ்ந்த ஜேம்ஸ் ஃப்ளின். பழைய சோதனையையும் புதிய சோதனையையும் ஒரே ஆட்களுக்குக் கொடுத்தால் பழையதில் எப்போதும் அதிக மதிப்பெண் வருகிறது என்று 1984இல் அமெரிக்கக் கணக்கை வைத்தும், 1987இல் 14 நாடுகளின் கணக்கை வைத்தும் காட்டினார். தலைமுறைக்குத் தலைமுறை சராசரி ஏறிக்கொண்டே வந்திருக்கிறது, அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று புள்ளி. கென்யாவின் எம்பு கிராமங்களிலும் 1984க்கும் 1998க்கும் நடுவே இந்த ஏற்றம் பதிவாகியிருக்கிறது. சத்துணவு, பள்ளி, எழுத்தறிந்த பெற்றோர், சிறிய குடும்பம் என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்துக்குப் பிறகு பிறந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளை 1930களின் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிறுத்துவது எப்படிப் பொருந்தும்?

இங்கும் அதே வேகம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1969இன் கூட்டத்தோடு ஒப்பிட்டால் ஐம்பத்தைந்து ஆண்டுகளில் பதினாறு புள்ளி வீக்கம். இன்றைய பிள்ளைகளோடு ஒப்பிட்டால் 64 வாங்க வேண்டியவள் பழைய அளவுகோலில் 80 வாங்குவாள். கோட்டுக்கு மேலே போய்விடுவாள். உண்மையிலேயே உதவி தேவைப்படும் பிள்ளை, அளவுகோல் பழையது என்பதற்காகவே உதவியை இழக்கிறாள். சூளைப் பிள்ளைக்கு எண் அநியாயமாகக் குறைகிறது, நகரத்துப் பிள்ளைக்கு அநியாயமாகக் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம். தவறுகள் இரண்டும் இரண்டு வெவ்வேறு வீடுகளில் விழுகின்றன.

இவற்றோடு சாதாரணப் பிசிறும் உண்டு. நம்பகத்தன்மை 0.91 உள்ள நல்ல சோதனை என்றே கொள்வோம். அதன் அளவீட்டுப் பிழை நாலரைப் புள்ளி வரும். 70 என்று வந்த எண்ணின் பின்னால் உள்ள மெய்யான எண் 61க்கும் 79க்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்றுதான் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியோடு சொல்லலாம். அமெரிக்காவில் இது ஓர் உயிர்ப் பிரச்சினையாகவே வந்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு மரண தண்டனை கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னபிறகு, புளோரிடா மாநிலம் 70க்கு மேல் ஒரு புள்ளி இருந்தாலும் வேறு எந்தச் சான்றையும் பார்க்காது என்று கோடு போட்டது. 2014இல் அதே நீதிமன்றம் அந்தக் கறார் கோட்டை ரத்து செய்தது. அளவீட்டுப் பிழை என்ற புள்ளியியல் சங்கதி தீர்ப்புக்குள்ளேயே பேசப்பட்டது.

இனி, ஊரில் இளைஞர்கள் அதிகம் பேசும் ஒரு தேர்வு. அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு ஓடும் தடத்தில் எஞ்சினில் ஏற விரும்பும் பட்டதாரியும் ஐடிஐ முடித்தவரும் எழுத்துத் தேர்வுகளைத் தாண்டியபின் ‘சைக்கோ டெஸ்ட்’ என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ஒன்றை எதிர்கொள்கிறார்கள். உதவி லோகோ பைலட் பதவிக்கான திறனறி சோதனை அது. ஐந்து பகுதிகள்: நினைவாற்றல், சொன்னதைச் சொன்னபடி செய்வது, தொலைவும் ஆழமும் உணர்வது, கவனக் குவிப்பு, பார்த்தவுடன் வேறுபாட்டைப் பிடிக்கும் வேகம். ஒவ்வொன்றிலும் டி-மதிப்பெண் 42 வாங்கியாக வேண்டும். நாலில் எண்பது வாங்கி ஒன்றில் 41 வாங்கினால் வெளியே. எந்தப் பிரிவினருக்கும் இதில் தளர்வு கிடையாது.

டி-மதிப்பெண் என்பதும் கூட்டத்தின் கணக்குத்தான்: சராசரி 50, திட்ட விலக்கம் 10. சீரான மணிவடிவப் பரவலில் 42க்குக் கீழே ஐந்தில் ஒருவர், துல்லியமாகச் சொன்னால் 21 சதவீதம், விழுவார்கள். ஐந்து திறமைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை என்றால் எல்லாவற்றையும் தாண்டுபவர் எத்தனை பேர்? 0.79ஐ ஐந்து முறை பெருக்குங்கள்: நூற்றுக்கு முப்பது. நடைமுறையில் அதைவிட அதிகம் பேர் தாண்டுவார்கள் என்று தேர்வைப் பார்க்காமலேயே சொல்லலாம். காரணம் சார்ல்ஸ் ஸ்பியர்மன் 1904இல் கண்டது: ஒரு மனத்திறன் சோதனையில் நன்றாகச் செய்பவர் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் இன்னொன்றிலும் சராசரிக்கு மேலேயே செய்ய வாய்ப்பு அதிகம். நூறாண்டுக்கு மேலாக, எத்தனையோ நாடுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு இது. அந்தப் பொதுத்தன்மைக்கு ஸ்பியர்மன் ‘ஜி’ என்று பெயர் வைத்தார். அது மூளையில் உள்ள ஒரு பொருளா, பல திறமைகள் சேர்ந்து வளர்வதன் நிழலா என்ற சண்டை இன்னும் முடியவில்லை. நான் இரண்டாவது கட்சி.

இப்படி ஆள் பொறுக்குவதால் நல்ல வேலைக்காரர் கிடைக்கிறார்களா? அறிவுத்திறன் சோதனைக்கும் வேலைத் திறமைக்கும் உள்ள தொடர்பு 0.51 என்று 1998இல் ஷ்மிட், ஹன்டர் இருவரும் போட்ட கணக்கை உலகமே மேற்கோள் காட்டியது. பால் சாக்கெட் குழுவினர் 2022இல் கணக்கைத் திருத்தி 0.31 என்றார்கள். முன்கூட்டியே கேள்விகளை வகுத்து எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கும் நேர்முகம் 0.42 என்று அதை முந்திவிட்டது. சிப்காட் தொழிற்சாலையின் மனிதவள அதிகாரிக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி இல்லை. ரயில்வே போன்ற இடத்தில் இன்னொரு சிக்கல்: 42க்குக் கீழே வாங்கியவருக்கு யாரும் எஞ்சின் தருவதில்லை, அதனால் அவர் எப்படி ஓட்டியிருப்பார் என்பது கடைசிவரை தெரியாது. விபத்தும் ஒரு மனிதரின் மனத்தில் மட்டும் நிகழ்வதல்ல. 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் மைசூரு-தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸுக்குப் பிரதானத் தடத்துக்கான சிக்னல் சரியாகவே விழுந்திருந்தது. பலத்த அதிர்வோடு வண்டி கிளைத்தடத்துக்குள் புகுந்து நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. ஓட்டுநரின் டி-மதிப்பெண்ணுக்கு அதில் வேலையே இல்லை.

கூட்டத்தோடு ஒப்பிடுவதில் இத்தனை வம்பு என்றால், ஒருவரை அவரோடேயே ஒப்பிட்டால் என்ன? அதைச் செய்தவர்கள் தமிழ்நாட்டுக் கரும்பு வயலைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ நால்வரின் ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 சிறு கரும்பு விவசாயிகள். கரும்புக்காரருக்குக் காசு ஆண்டுக்கு ஒருமுறை, வெட்டுக்குப் பிறகுதான் வரும். வெட்டு நாளை முடிவு செய்வது ஆலை, அதுவும் மாதக்கணக்கில் பிரித்துப் பிரித்து. ஒரே மாதத்தில் ஒருவர் கையில் பணம் இருக்கும், பக்கத்து வயல்காரர் அடகுக்கடை வாசலில் நிற்பார். வானிலை, பண்டிகை என்று வேறு காரணம் தேடுவதற்கு இடமில்லாமல் செய்தது இந்த ஏற்பாடுதான். ஆய்வாளருக்கு இப்படியொரு வசதியை எந்த ஆய்வுக்கூடமும் செய்து தந்திருக்காது.

வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், வெட்டுக்குப் பின் 4 சதவீதம். கடன் இருந்தவர்கள் 99 சதவீதத்திலிருந்து 13 சதவீதத்துக்கு இறங்கினார்கள். அவர்களுக்குத் தரப்பட்ட சோதனைகளில் ஒன்று ஜான் ரேவன் 1938இல் செய்த வடிவப்புதிர்: எழுத்து தேவையில்லை, விடுபட்ட கட்டத்துக்கு எது பொருந்தும் என்று கண்டால் போதும். பண்பாட்டுச் சார்பு மிகக் குறைந்தது, பிறவி அறிவுக்கு மிக அருகில் போவது என்றெல்லாம் பெயர் வாங்கியது அது. அதே விவசாயி வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 புதிர்களுக்கும் வெட்டுக்குப் பின் 5.45 புதிர்களுக்கும் சரியாக விடை சொன்னார். எண்களை வைத்துக் குழப்பும் கவனச் சோதனையை முடிக்க 146 விநாடி எடுத்தவர் பிறகு 131 விநாடியில் முடித்தார். தேர்வில் பழகிவிட்டதால் கூடியதோ என்ற சந்தேகத்துக்கு, வெட்டுக்குப் பின் முதன்முறையாகச் சோதிக்கப்பட்ட இன்னொரு நூறு பேரை வைத்துப் பதில் தேடினார்கள். விமர்சனங்களும் வந்தன. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வித்தியாசமே இல்லை என்றது. சம்பளம் வரும் நாள் தெரிந்த மாதக் கடைசியும், ஆலையின் உத்தரவுக்காகக் காத்திருக்கும் ஆடி மாதமும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். எப்படியானாலும், ‘இவருடைய ஐக்யூ’ என்று ஒரு மனிதருக்குச் சொந்தமாகச் சொல்லும்போது எந்த மாதத்து ஐக்யூ என்று கேட்கும் உரிமை நமக்கு வந்துவிட்டது.

ஆளுமைச் சோதனைகளிலும் இதே கேள்வி ஒளிந்திருக்கிறது. ‘நான் பொறுப்பாக வேலை செய்பவன்’ என்ற வாக்கியத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறியிடச் சொல்கிறார்கள். யாரைவிடப் பொறுப்பு? நிரப்புபவர் தன் தெருக்காரர்களை நினைத்துக்கொண்டுதான் குறியிடுவார். 56 நாடுகளில் இப்படிக் கேட்டு 2007இல் வெளியிட்டபோது பொறுப்புணர்வில் அடிமட்டத்தில் வந்த நாடு ஜப்பான். அங்கே எல்லோருமே பொறுப்பாக இருப்பதால் தன்னைச் சோம்பேறி என்று நினைப்பது எளிது. வீட்டுக்கு வந்து ஒருவர் கேள்வி கேட்கும் நம் நாடு போன்ற நாடுகளில் இன்னொரு தொல்லை: மரியாதைக்கு எல்லாவற்றுக்கும் ‘ஆமாங்க’ சொல்லிவிடுவது. 23 நாடுகளில் 94,751 பேரின் விடைகளை அலசிய 2019ஆம் ஆண்டு ஆய்வு, பெயர்பெற்ற ஐம்பெரும் ஆளுமைக் கூறுகளில் எதை எந்தக் கேள்வி அளக்கிறது என்பதே இத்தகைய நேர்காணல்களில் குழம்பிப்போகிறது என்றது.

கூட்டமே இல்லாத அளவுகோல் ஒன்றும் உண்டு, அது நம் சென்னையில் பிறந்தது. பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கிய ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ நாடெங்கும் சிறப்புப் பள்ளிகளில் பழக்கத்தில் உள்ளது. பதினெட்டுக் களங்கள்: உடல் அசைவு, சாப்பாடு, உடுப்பு, கழிப்பறை, பேச்சு, படிப்பு, எண், நேரம், பணம், வீட்டுவேலை, தொழில் என்று போகும். ஒவ்வொன்றிலும் எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கிய 20 செயல்கள், மொத்தம் 360. ஆசிரியர் ஒவ்வொன்றுக்கும் செய்கிறாள், செய்வதில்லை என்று குறிக்கிறார். சராசரி கிடையாது, திட்ட விலக்கம் கிடையாது, தார்வாடும் நாக்பூரும் கிடையாது. ‘செய்வதில்லை’ என்று தொடங்கும் இடம் அடுத்த மூன்று மாதத்தின் பாடத்திட்டம். பிறகு அதே பிள்ளையை அதே பட்டியலில் மறுபடி பார்ப்பார்கள்.

பினே 1905இல் செய்ய நினைத்தது ஏறக்குறைய இதைத்தான். ஆனால் இந்தப் பட்டியலைச் சான்றிதழ்க் குழுவிடம் நீட்ட முடியாது. சலுகையை யாருக்குத் தருவது, யாருக்கு மறுப்பது என்று முடிவு செய்ய அரசுக்கு ஓர் எண் வேண்டும், எண் வேண்டுமென்றால் கூட்டம் வேண்டும். அப்படியானால் அந்தக் கூட்டத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பும் அரசினுடையது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943 முதல் இருக்கிறது, முட்டுக்காட்டில் பல்குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. தமிழ், தெலுங்கு, ஒடியா பேசும் இன்றைய பிள்ளைகளைச் சூளையிலும் முகாமிலும் நகரத்திலும் சம அளவில் எடுத்துச் சோதித்து, பத்தாண்டுக்கு ஒருமுறை அட்டவணையைத் திருத்தி எழுதுவது ராக்கெட் விடுவதைவிடக் கடினமல்ல. அதுவரை, பிள்ளையோடு மருத்துவக் குழுவின் முன் போகும் தாய் தகப்பன் மூன்றை விசாரிக்கலாம்: எந்தச் சோதனை, எந்த மொழியில் கேட்டார்கள், கோட்டுக்கு ஒன்றிரண்டு புள்ளி இப்படி அப்படி என்றால் இன்னொரு நாள் இன்னொருவர் மறுபடி பார்ப்பாரா.